கோயமுத்தூர்னா எதை வரைவது? எண்பதுகளின் ஊர் நினைவிருக்கிறவர்கள் சொல்லுங்க

சூலூர்_புதுவீடு எழுதியது:

வணக்கம்ங்க. சென்னையில் நெடுநாள் வேலை பார்த்துவிட்டு இப்போது சூலூர் பக்கம் வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். ஹாலில் ஒரு சுவர் முழுக்கக் கோயமுத்தூரை வரைய வேண்டும் என்பது என் ஆசை. நான் பள்ளிக்கூடம் போன எண்பதுகளில் ஊர் எப்படித் தெரிந்ததோ அப்படி. வரைய வந்திருக்கிற தம்பி தஞ்சாவூர்க்காரர், நல்ல கை. அவர் கேட்டது இதுதான்: "எங்க ஊருக்குப் பெரிய கோயில் விமானத்தைப் போட்டா போதும். மதுரைன்னா கோபுரம், திருச்சின்னா மலைக்கோட்டை, மெட்ராஸ்னா சென்ட்ரல் ஸ்டேஷனும் எல்.ஐ.சி.யும். உங்க ஊருக்கு எதுங்க சார்?"

அந்தக் கேள்வி மனசை விட்டுப் போகவே இல்லை. சென்னையில் இருந்த காலமெல்லாம் மவுண்ட் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது எல்.ஐ.சி. கட்டடத்தைப் பார்ப்பேன். 1959-ல் திறந்தபோது நாட்டிலேயே உயரமான கட்டடம் அது, அப்புறம் அதைவிட உயரமாக எத்தனையோ வந்துவிட்டன, இருந்தும் மெட்ராஸ்காரர்கள் விருந்தாளிக்கு இன்னும் அதைத்தான் கைநீட்டிக் காட்டுகிறார்கள். அப்படி நாம் கைநீட்டிக் காட்டுகிற ஒன்று எது? எனக்கு நினைவில் இருப்பது துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. ராத்திரி ரயிலில் வந்து இருகூர் தாண்டியதும் சன்னல் வழியாகத் தெரிகிற புகைக்கூண்டுகள், அதற்குப் பின்னால் நீலமாக மலை. டவுன்ஹாலில் பஸ்ஸை விட்டு இறங்கினால் மணிக்கூண்டு. மருதமலையில் ராத்திரி எரிகிற விளக்கு. இதையெல்லாம் ஒரே சுவரில் எந்தத் திசையிலிருந்து பார்ப்பதாக வரைவது என்பதுதான் பிரச்சினை, ஏனென்றால் எல்லாம் ஒரே இடத்திலிருந்து தெரியாது.

அந்தக் காலத்தில் மொட்டை மாடியிலோ குளக்கரையிலோ நின்று ஊரைப் பார்த்த ஞாபகம் உள்ளவர்கள், எங்கே நின்றீர்கள், எது முன்னால் தெரிந்தது, எது பின்னால் என்று சொன்னால் பெரிய உதவி. இணையத்தில் கிடைக்கிற படங்கள் பெரும்பாலும் ஒரு கட்டடத்தை மட்டும் கிட்டத்தில் எடுத்தவை. ஊர் மொத்தமாகத் தெரிகிற பழைய படம் ஒன்றுகூட எனக்குச் சிக்கவில்லை.


அரைநைட்டு எழுதியது:

தம்பி, நான் சிங்காநல்லூர். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நீங்க கேட்ட கேள்விக்கு என் பதில் புகைக்கூண்டுதான், யோசிக்கவே வேண்டாம். ஒரு கூண்டு இல்லை, பல. மற்ற ஊர்களுக்கு ராஜா கட்டிய ஒன்று அடையாளமாக இருக்கிறது. நம்ம ஊருக்குப் பஞ்சும் காற்றும் சேர்ந்து கொடுத்த அடையாளம் இது.

வரைகிற தம்பிக்கு விவரம் தெரிந்தால் நன்றாக வரைவார் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஊரின் முதல் மில்லை 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கினார், ஸ்டேன்ஸ் மில் என்றுதான் இன்றைக்கும் சொல்வோம். 1910-ல் குப்புசாமி நாயுடுவின் லட்சுமி மில். அந்தக் காலத்து மில்கள் நீராவி எஞ்சினில் ஓடியவை. கொதிகலனில் விறகோ கரியோ எரிக்க வேண்டும், நெருப்பு நன்றாகப் பிடிக்கக் காற்று கீழிருந்து மேலே இழுபட வேண்டும், கூண்டு எவ்வளவு உயரமோ அவ்வளவு இழுப்பு. அதனால்தான் அத்தனை உயரமாக, அடியில் அகலமாகவும் போகப்போக ஒடுங்கியும் செங்கல்லில் வட்டமாகக் கட்டினார்கள். புகை ஊருக்குமேல் போய்விடும் என்பது அடுத்த லாபம். அப்புறம் 1932 வாக்கில் பைகாரா மின்சாரம் வந்தது. அதற்குப் பின்னால்தான் பீளமேடு, சிங்காநல்லூர் என்று திருச்சி ரோட்டிலும் அவிநாசி ரோட்டிலும் வரிசையாக மில்கள் முளைத்தன. மின்சாரம் வந்ததும் எஞ்சின் போனது, ஆனால் கூண்டை இடிக்க யாருக்கும் அவசரம் இல்லை. நூலுக்குக் கஞ்சி போடுகிற வேலையும் சாய வேலையும் இருந்த இடங்களில் கொதிகலன் எரிந்துகொண்டேதான் இருந்தது.

கூண்டுக்குக் கீழே என்ன வரைவது என்று அந்தத் தம்பி கேட்பார். ஓட்டு வீடு போட்டுவிடாதீங்க. மில் கூரை ரம்பப்பல் மாதிரி வரிசையாக ஏறி இறங்கும், செங்குத்தான பக்கத்தில் கண்ணாடி. வெயில் நேராக உள்ளே விழாமல் வடக்கு வெளிச்சம் மட்டும் வரட்டும் என்று அப்படிக் கட்டினார்கள். நூல் அறுகிறதா என்று கண்ணால் பார்த்து ஒட்டுகிற வேலைக்கு அந்த வெளிச்சம்தான் தோது. கண்ணாடி எல்லாம் ஒரே திசை பார்த்திருக்கும், அதைத் தவறாமல் வரையச் சொல்லுங்க, மில்லில் இருந்தவன் யார் வந்து பார்த்தாலும் முதலில் அதைத்தான் கவனிப்பான்.

சுவரில் சத்தத்தை வரைய முடியாது, ஆனால் எழுதாமல் விட மனசு வரவில்லை. ஒவ்வொரு மில்லுக்கும் ஒரு சங்கு உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனிக் குரல். வீட்டுக்குள் இருந்தபடியே இது எந்த மில் என்று பெண்டு பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். பகல் ஷிப்டுக்கு ஒன்று, அரை நைட்டுக்கு ஒன்று, முழு நைட்டுக்கு ஒன்று. சங்கு பிடித்ததும் சோற்றுத் தூக்குப் போசியை சைக்கிளில் மாட்டிக்கொண்டு ரோடு நிறையக் கிளம்புவோம். கடிகாரம் இல்லாத வீட்டில் சோறு வடிப்பதே சங்கை வைத்துத்தான்.

எங்கே நின்று பார்ப்பது என்றால் சிங்காநல்லூர்க் குளக்கரை. மேற்கே பார்த்து நில்லுங்க. முன்னால் தண்ணீர், அப்புறம் தென்னை, அதற்குமேல் கூண்டுகள், கடைசியில் மலை.


டவுன்ஹால்_பேரன் எழுதியது:

அரைநைட்டு ஐயா சொன்னது அவ்வளவும் அழகு, ஆனால் ஒரு விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். பழைய மில்கள் பலவும் அன்றைய ஊருக்கு வெளியே இருந்தவை. ஊர் என்று எங்கள் அப்புச்சி சொன்னது கோனியம்மன் கோவிலைச் சுற்றி இருந்த பகுதியை. ராஜ வீதி, ஒப்பணக்கார வீதி, பெரிய கடை வீதி, வெரைட்டி ஹால் ரோடு, அவ்வளவுதான். நீங்கள் கேட்ட எண்பதுகளிலும் அந்தப் பகுதியில் நாலு மாடிக்குமேல் கட்டடம் அபூர்வம், அதனால் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து கோனியம்மன் கோபுரமும், ஒப்பணக்கார வீதி அத்தர் ஜமாத் பள்ளிவாசலின் மினாரும், பெரிய கடை வீதியில் மிக்கேல் பேராலயமும் தலையைத் திருப்பினால் போதும், தெரியும். நடந்தே மூன்றுக்கும் போய்வரலாம். அதுதான் கோயமுத்தூரின் மையம். இதை விட்டுவிட்டு வெறும் புகைக்கூண்டை வரைந்தால் ஊரில் வேலை மட்டும் நடந்தது, யாரும் குடியிருக்கவில்லை என்று ஆகிவிடும்.

டவுன்ஹாலைக் கட்டாயம் போடுங்க. விக்டோரியா ராணி பெயரில் கட்டி 1892-ல் முடித்தது, அதற்காக முன்னின்று உழைத்தவர் எஸ்.பி. நரசிம்மலு நாயுடு. சிறுவாணித் தண்ணீரை இந்த ஊருக்குக் கொண்டுவர வேண்டும் என்று முதலில் பேசியவர்களில் அவரும் ஒருவர். உயரமான கட்டடம் இல்லைதான், ஆனால் அந்தச் சிவப்பும் வளைவுகளும் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். பக்கத்தில் மணிக்கூண்டு.

அப்புறம் வெரைட்டி ஹால். தென்னிந்தியாவின் முதல் நிரந்தரத் திரையரங்கு என்று சொல்லப்படுவது. கட்டியவர் சாமிக்கண்ணு வின்சென்ட், நம்ம ஊரில் பிறந்தவர், திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்தபோது 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டுகிற கருவியை வாங்கி, கூடாரம் போட்டு ஊர் ஊராகக் காட்டி, கடைசியில் இங்கே வந்து கட்டடமாகக் கட்டினார். பிற்காலத்தில் அதற்கு டிலைட் என்று பெயர். இன்றைக்குக் கட்டடம் இல்லை, தெருப் பெயர் மட்டும் இருக்கிறது. வரைந்தால் உங்கள் சுவரிலாவது அது இருக்கும்.


பீளமேடு_ராதை எழுதியது:

அண்ணா, ஐயா, ரெண்டு பேர் எழுதியதையும் ஆசையாகப் படித்தேன். ஆனால் இப்படிப் பேசும்போது எப்போதும் ஒன்று விட்டுப்போகிறது, அதனால் எழுதுகிறேன்.

எங்க அப்பா மில்லில் பஞ்சு பிரிக்கிற பகுதியில் இருந்தவர். எந்த மில் என்று வேண்டாம். பேல் என்கிற பஞ்சு மூட்டையை உடைத்து மெஷினில் விடுகிற இடத்தில் ஆளே வெள்ளையாகிவிடுவார்கள், தூசி அப்படி. திங்கட்கிழமை காலையில் மட்டும் இளைப்பு அதிகமாக இருக்கும், ஞாயிறு லீவு முடிந்து மறுபடி தூசிக்குள் போவதால் அப்படி வரும் என்று பிறகுதான் டாக்டர் ஒருவர் சொன்னார். அந்தக் கூண்டைப் பார்த்தால் உங்களுக்கு நீல மலை நினைவு வருகிறது, எங்க அம்மாவுக்கு அந்த இருமல்தான் நினைவு வரும். ரெண்டும் உண்மை. நான் அதை வரைய வேண்டாம் என்று சொல்லவில்லை, கூண்டை மட்டும் வரைந்துவிட்டு ஆட்களை விட்டுவிடாதீங்க என்றுதான் சொல்கிறேன். மில் கேட்டு முன்னால் சைக்கிள் கூட்டம் இருக்கட்டும், டீக்கடை இருக்கட்டும், சங்கக் கொடி ஒன்று இருக்கட்டும்.

இந்த ஊர் மில் தொழிலாளிகளின் கதை சாதாரணக் கதை இல்லை. சின்னியம்பாளையம் தியாகிகள் என்று சொல்வோமே, ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன், நாலு பேரையும் 1946 ஜனவரி 8-ந் தேதி கோவை மத்திய சிறையில் தூக்கிலிட்டார்கள். அதே சிறையில்தான் வ.உ.சி. செக்கிழுத்தார். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரம்தான் அந்தச் சிறை, தினம் லட்சம் பேர் அதைத் தாண்டிப் போகிறோம். அடையாளம் என்று பட்டியல் போடுகிறவர்கள் யாரும் அந்த மதிலைச் சேர்ப்பதில்லை. எனக்கு அது மணிக்கூண்டைவிட முக்கியமாகப் படுகிறது.

மில்கள் எப்படிப் போயின என்பதும் நினைவு வைக்க வேண்டியதுதான். தனியார் மில்கள் ஒவ்வொன்றாக மூடின. மத்திய அரசின் தேசிய பஞ்சாலைக் கழகத்து மில்கள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றன, அங்கே வேலை பார்த்தவர்கள் இன்னும் கேட்டு முன்னால் போராடிக் களைத்துப்போன பேச்சு பீளமேட்டில் எந்தத் தெருவிலும் கேட்கும். மில் போனாலும் பஸ் ஸ்டாப் பெயர் போகவில்லை. கண்டக்டர் லட்சுமி மில், பங்கஜா மில், டெக்ஸ்டூல் என்று கூவிக்கொண்டேதான் இருக்கிறார், ஏறுகிற பிள்ளைகளுக்கு அது ஏதோ இடத்தின் பெயர், அவ்வளவுதான்.


சூலூர்_புதுவீடு எழுதியது:

ராதை அம்மணி, நீங்க எழுதியதை வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். கேட்டு முன்னால் கூட்டம் கண்டிப்பாக வரும். சிறை மதிலை எப்படிக் கொண்டுவருவது என்று வரைகிற தம்பியிடம் கேட்கிறேன், அவருக்கு வ.உ.சி. விஷயம் தெரிந்திருந்தது, நால்வர் விஷயம் தெரியவில்லை, நான் சொன்னதும் சுவரின் அளவை மறுபடி எடுக்கக் கிளம்பிவிட்டார்.

டவுன்ஹாலும் வேண்டும், சிங்காநல்லூர் கூண்டுகளும் வேண்டும், மலையும் வேண்டும். இதெல்லாம் ஒரே பார்வையில் வருகிற இடம் உண்மையாகவே இருக்கிறதா, அல்லது சேர்த்து ஒட்டித்தான் வரைய வேண்டுமா? ஒட்டு வேலை எனக்கு இஷ்டமில்லை.


குளக்கரை_நடை எழுதியது:

அண்ணா, நான் எண்பதுகளில் பிறக்கவே இல்லை, ஆனால் தினமும் காலையில் குளக்கரைகளில் நடந்து மலையைப் படம் எடுக்கிறவன் என்ற தைரியத்தில் சொல்கிறேன். இடத்தைத் தேடி எங்கேயும் போகாதீங்க. நீங்கள் குடியிருக்கிற சூலூரே அதற்குச் சரியான இடம்.

காரணம் சொல்கிறேன். ஊருக்கு மலை மேற்கிலும் வடமேற்கிலும் இருக்கிறது. நீங்கள் கிழக்கே இருக்கிறீர்கள். அங்கிருந்து மேற்கே பார்த்தால் முதலில் உங்க ஊர்க் குளம், அப்புறம் சிங்காநல்லூர், பீளமேடு என்று மில் வட்டாரம், அதற்கப்பால் பழைய டவுன், எல்லாவற்றுக்கும் பின்னால் மலை. ஐயா சொன்னதும் டவுன்ஹால் அண்ணன் சொன்னதும் அந்த ஒரே கோட்டில்தான் வரிசையாக நிற்கின்றன. நொய்யலும் அதே கோட்டில்தான், வெள்ளியங்கிரிப் பக்கம் பிறந்து பேரூர் தாண்டி ஊரின் தெற்கு ஓரமாகக் குளங்களை நிரப்பிக்கொண்டே சூலூருக்கு வருகிறது. நீர் வந்த வழியைத் திரும்பிப் பார்க்கிற மாதிரி வரையுங்க, ஒட்டு வேலையே வேண்டாம். டவுன்ஹால் அத்தனை தூரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாதுதான், அதைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்வது ஓவியருக்கு உள்ள உரிமை.

மலையின் வரிசை முக்கியம், இதில் தவறினால் மேற்குப் பக்கத்து ஆட்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். வலது கைப் பக்கம், அதாவது வடக்கே, தூரத்தில் நீலகிரி. அதிலிருந்து இடப்பக்கம் வந்தால் குருடிமலை, அப்புறம் மருதமலை, அது உயரம் குறைவு, பின்னால் உள்ள பெரிய மலையோடு சேர்ந்துவிடும், ராத்திரி விளக்கு எரியும்போதுதான் தனியாகத் தெரியும். அதற்கப்புறம் வெள்ளியங்கிரி. அங்கிருந்து தெற்கே போகப்போக மலை இறங்கிப் பாலக்காட்டுக் கணவாயில் முடிந்துபோகும், மதுக்கரைப் பக்கம் சின்ன மலைதான். கணவாய்க்குத் தெற்கே வானம் தெளிவாக இருந்தால் ஆனைமலை. அந்தத் திறப்பை அடைத்துவிடச் சொல்லாதீங்க. ஆடி மாசம் நமக்குக் காற்றும் சாரலும் வருவதும், வெயில் இந்த அளவோடு நிற்பதும், பஞ்சு நூற்க ஏற்ற ஈரம் காற்றில் இருந்ததும் அந்த வாசல் வழியாகத்தான்.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று. காலை நேரத்தை வரையுங்க. கிழக்கிலிருந்து வெயில் மலைமேல் நேராக விழும், மடிப்பு, ஓடை, பாறை எல்லாம் தெரியும். சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடுவதால் வெறும் கறுப்பு விளிம்புதான் மிஞ்சும். ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலை ஏழு மணிக்கு மாடி ஏறிப் பார்த்தால் மலை பக்கத்தில் வந்து நிற்பது போல இருக்கும். கோடையில் புழுதியில் ஒன்றும் தெரியாது.

இன்றைக்கும் நன்றாகப் பார்க்கிற இடங்கள் உண்டு. உக்கடம் பெரியகுளக்கரை, 2024-ல் திறந்த உக்கடம் மேம்பாலத்தின் மேல்பகுதி, குறிச்சிக் குளம். குறிச்சிக் குளத்தில் தமிழ் எழுத்துகளாலேயே செய்த திருவள்ளுவர் சிலை இருக்கிறது, என் வயசுப் பிள்ளைகளுக்கு அதுவும் ஓர் அடையாளம்தான். வெளியூர் நண்பர்களுக்குக் கோவை என்றால் 2017-ல் வைத்த 112 அடி ஆதியோகி முகம். நாளைக்கு அவிநாசி ரோட்டின் பத்து கிலோமீட்டர் ஜி.டி. நாயுடு மேம்பாலத்தைச் சொல்வார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. வருத்தம் வேறு. கூண்டு போனால் இன்னொன்று கட்டிவிடலாம், மலை தெரிகிற தெருக்கள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. எங்க வீட்டு மாடியில் குருடிமலை முழுசாகத் தெரிந்தது, இப்போது ரெண்டு அடுக்குமாடிக்கு நடுவில் ஒரு கீற்று தெரிகிறது. குளக்கரை, விமான நிலையத்தைச் சுற்றி உயரக் கட்டுப்பாடு உள்ள பகுதி, இப்படி ஏதோ காரணத்தால் கட்ட முடியாத இடங்களில்தான் பார்வை மிச்சம் இருக்கிறது. மலை தெரிய வேண்டும் என்பதற்காகவே சில தெருக்களில் உயரத்தைக் குறைத்து வையுங்கள் என்று மாநகராட்சியிடம் நாம் கேட்கலாம், கேட்க வேண்டும்.


அரைநைட்டு எழுதியது:

டவுன்ஹால் தம்பி சொன்னதில் நியாயம் இருக்கிறது, கோபுரமும் மினாரும் இல்லாமல் ஊர் இல்லை. ராதை கண்ணு, உங்க அப்பா இருந்த பகுதி எனக்குத் தெரியும், நான் நூல் நூற்கிற ரிங் பிரேம் மெஷினில் இருந்தேன், பஞ்சுப் பகுதி ஆட்களைப் பார்த்தாலே எங்களுக்கு மனசு கஷ்டமாக இருக்கும். சைக்கிள் கூட்டத்தில் பெண்களையும் போடச் சொல்லுங்க. கோன் சுற்றுகிற பகுதியில் அவர்கள்தான் அதிகம்.

குளக்கரை தம்பி கேட்கச் சொன்னதோடு இன்னொன்றும் சேர்க்க வேண்டும். மில் இடத்தில் கடையும் அடுக்குமாடியும் வருவதை நிறுத்த முடியாது. அவிநாசி ரோட்டில் லட்சுமி மில் வளாகத்திலேயே இப்போது பெரிய அங்காடி நடக்கிறது, ஜனம் வருகிறது, பிழைப்பும் நடக்கிறது, நல்லதுதான். ஆனால் இடிப்பதற்கு முன்னால் கூண்டு ஒன்றையும் ரம்பப்பல் கூரை ஒரு வரிசையையும் நிறுத்தி வைத்துவிட்டுச் சுற்றிக் கட்டட்டும். செங்கல் கூண்டுக்கு உச்சியில் ஆலும் அரசும் முளைத்து வேர் இறங்கி விரிசல் விடுவதுதான் பெரிய எதிரி, வருஷத்துக்கு ஒருமுறை ஆள் ஏற்றிச் செடியைப் பிடுங்கிச் சுண்ணாம்புக் காரை பூசினாலே நிற்கும். பெரிய செலவு இல்லை.


சூலூர்_புதுவீடு எழுதியது:

முடிவாகிவிட்டதுங்க. சூலூர்க் குளக்கரையிலிருந்து மேற்கே பார்த்து, ஐப்பசிக் காலை, பகல் ஷிப்டுக்குச் சங்கு பிடிக்கிற நேரம். நேற்று தம்பியோடு கரையில் போய் நின்று பார்த்தோம், மேகம் இருந்ததால் குருடிமலை மட்டும் அரைகுறையாகத் தெரிந்தது. மறுபடி போக வேண்டும்.

இன்னும் ரெண்டு உதவி வேண்டும். டிலைட் தியேட்டரின் முகப்பு தெரிகிற பழைய படம் யாரிடமாவது இருந்தால் இங்கே போடுங்க, கல்யாண ஊர்வலப் படத்தின் பின்னணியில் இருந்தாலும் போதும். திருச்சி ரோட்டில் எந்தெந்த மில்லின் கூண்டு எந்த வரிசையில் நின்றது என்று அரைநைட்டு ஐயா ஒரு காகிதத்தில் கோடு போட்டுப் படம் எடுத்து அனுப்பினால் வரைகிற தம்பி அப்படியே எடுத்துக்கொள்வார். திங்கட்கிழமை சுவருக்கு முதல் பூச்சு அடிக்கிறோம்.